வரைவு விதி வந்த 30 நாளில்: சின்ன மென்பொருள் நிறுவனங்கள் தொழில் சங்கத்தைப் பயன்படுத்தும் முறை

மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காம் மாதிரியான தொழில் சங்கத்தில் சேரும் சின்ன நிறுவனங்கள் பல, சந்தாவைக் கட்டி, சங்கத்தின் லோகோவை இணையதளத்தில் போட்டதோடு நிறுத்திவிடுகின்றன. 1988-இல் 38 உறுப்பினர்களோடு தொடங்கிய நாஸ்காம் இந்திய டிஜிட்டல் துறைக்குச் செய்யும் வேலையில் பெரும்பகுதி வெளியே தெரியாது. விதியில் ஒரு வரியைத் திருத்தச் சொல்வது, கெடுவைத் தள்ளிவைக்கக் கேட்பது, பொருள் புரியாத சொல்லுக்கு விளக்கம் வாங்குவது என்று அது நடக்கும். இதற்கான சரக்கு உறுப்பினர்களிடமிருந்துதான் வர வேண்டும். பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே ஆள் இருக்கிறார்கள். 20 பேர் வேலை செய்யும் இடத்தில் இல்லை. அதனால் சின்னவர்களின் சிரமம் டெல்லிக்குப் போய்ச் சேருவதே இல்லை. இந்த நிலை மாற வேண்டும் என்றால் அந்த 20 பேரில் ஒருவர் மாதத்தில் இரண்டு நாள் ஒதுக்கினால் போதும்.

இதனால் கிடைப்பது என்ன என்பதற்கு 2022-ஐப் பாருங்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. இணையத் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், சர்வர் லாக்குகளை (சர்வரில் நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவுகளை) 180 நாள் இந்திய எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும், 60 நாளில் அமல். தொழில் அமைப்புகள் பல வரிசையாக எழுதின. மே மாதமே கேள்வி-பதில் விளக்கம் வந்தது: கேட்கும்போது தர முடிந்தால் லாக்கை வெளிநாட்டிலும் வைக்கலாம். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்குக் கெடு செப்டம்பர் 25 வரை நீண்டது. 6 மணி நேரம் மட்டும் அசையவில்லை. கேட்டதில் பாதி கிடைத்தாலே நல்ல விளைச்சல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். 2014-இல் மத்திய அரசு ஏற்ற முன்கூட்டிய ஆலோசனைக் கொள்கைப்படி, வரைவு குறைந்தது 30 நாள் மக்கள் பார்வையில் இருக்க வேண்டும். இந்த 30 நாளும் உங்களுக்கு இல்லை. சங்கம் எல்லாருடைய குறிப்பையும் திரட்டி, ஒன்றுக்கொன்று இடிப்பதைச் சரிசெய்து, உள்ளே ஒப்புதல் வாங்கவே பாதி நாள் போய்விடும். பத்தாம் நாளுக்குள் உங்கள் குறிப்பு அவர்கள் கையில் இருக்க வேண்டும். கெடு நீளும் என்று நம்பி உட்காராதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவு 2025 ஜனவரி 3 அன்று வந்தது. பிப்ரவரி 18 என்றிருந்த கெடு மார்ச் 5 வரை நீண்டது. எல்லா வரைவுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நான்கு கட்டம் போட்ட அட்டவணை போதும்: விதி எண், இப்போதுள்ள வாசகம், நடைமுறையில் எங்கே இடிக்கிறது, அதற்குப் பதிலாக எந்த வாசகம். பலரும் கோட்டை விடுவது நான்காவது கட்டத்தில். குறையை மட்டும் சொல்லி அனுப்பினால், அதை விதி மொழியில் எழுதும் சுமை சங்கத்தின் தலையில் விழும். நேரம் இல்லாதபோது அந்தக் குறிப்பு அப்படியே ஒதுங்கிவிடும்.

மூன்றாவது கட்டத்தில் கணக்கு வேண்டும். “லாக் வைப்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரும் சுமை” என்று எழுதினால் படிக்கிற அதிகாரிக்கு அதில் பிடிப்பு இல்லை. விளக்கம் வருவதற்கு முந்தைய 2022 உத்தரவுக்கு என்றால், “ஒரு நாளைக்கு 5 ஜிபி லாக் சேர்கிறது, 180 நாளுக்கு 900 ஜிபி. எங்கள் சர்வர் வெளிநாட்டில் இருப்பதால் இதே 900 ஜிபியை இந்தியாவில் இன்னொரு பிரதியாக வைக்க வேண்டும், மாத வாடகை இவ்வளவு” என்று எழுதுங்கள். ஒரே மாதிரிக் கணக்கு பத்து உறுப்பினர்களிடமிருந்து வந்தால், சங்கம் பெயர்களை எடுத்துவிட்டுத் தொகுத்து வைக்கும். அமைச்சகத்தில் எடுபடுவது அந்தத் தொகுப்புதான்.

பட்ஜெட் கோரிக்கைக்கு வேறு கணக்கு. நிதி அமைச்சகம் வழக்கமாக அக்டோபர், நவம்பர் வாக்கில் தொழில் அமைப்புகளிடம் யோசனை கேட்கும். வரிக் குறைப்பு கேட்டால் அரசின் வருவாயில் எவ்வளவு குறையும் என்பதையும் சொல்ல வேண்டும். ஜனவரியில் விழித்தால் பயனில்லை. பொறுமையும் வேண்டும். 2012-இல் வந்த ஏஞ்சல் வரியை (நியாய மதிப்புக்கு மேல் திரட்டிய முதலீட்டை வருமானமாகக் கருதிப் போட்ட வரியை) நீக்கச் சொல்லி ஸ்டார்ட்அப் வட்டாரம் விடாமல் கேட்டது, நீக்கும் அறிவிப்பு 2024 ஜூலை பட்ஜெட்டில்தான் வந்தது.

சில இடங்களில் சங்கம் வாயைத் திறக்காது. தரவை இந்தியாவிலேயே வைக்கச் சொல்லும் விதி உள்ளூர் டேட்டா சென்டர்காரருக்கு லாபம், வெளிநாட்டு கிளவுடில் ஓடுபவருக்குச் செலவு. இருவரும் உறுப்பினர்களாக இருந்தால் சங்கத்தின் மனு வழவழவென்றுதான் வரும். அப்போது மத்திய அரசு மக்களிடம் கருத்துக் கேட்கும் மைகவ் போன்ற தளத்தில் உங்கள் பெயரிலேயே தனியாகவும் கருத்தை அனுப்பிவிடுங்கள். அதற்குத் தடை எதுவும் இல்லை.

ஒன்றில் மட்டும் மிகக் கவனம். சங்கக் கூட்டத்திலோ அதன் வாட்ஸ்அப் குழுவிலோ மணிக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள், எந்த வாடிக்கையாளரை யார் எடுப்பது என்று பேசவே கூடாது. போட்டியாளர்கள் கூடி விலை பேசுவதைத் தடுக்கும் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு சங்கங்களையும் கட்டுப்படுத்தும். அபராதம் முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி விற்றுமுதலில் 10 சதவீதம் வரை போகலாம், விலைக் கூட்டு என்று முடிவானால் அதைவிடவும் கூடலாம். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் ஆட்சேபத்தைக் குறிப்பேட்டில் பதியச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இறுதி விதி அரசிதழில் வந்ததும் வரைவோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். கேட்டது கிடைக்காத இடங்களைக் கேள்வியாக மாற்றி, “இந்தச் சொல் இதையும் உள்ளடக்குமா?” என்கிற வடிவில் ஒரு வாரத்துக்குள் சங்கத்துக்கு அனுப்புங்கள். அமைச்சகம் கேள்வி-பதில் விளக்கம் தயாரிக்கத் தொடங்குவதற்கு முன் அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்தாக வேண்டும்.