குளக்கரைப் பூங்காவில் நீர்ப்பறவைப் படம்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

புதிதாகக் கமரா வாங்கினவர்கள் இலங்கையின் வடக்கே வன்னியில் முதலில் கேட்பது, மன்னார்ப் பக்கத்துக் கட்டுக்கரைக் குளத்துக்கு எப்போது போகலாம், வங்காலைக்குப் பூநாரை வந்துவிட்டதா என்பதுதான். வங்காலை நல்ல இடம், 2010 இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த சரணாலயம். ஆனால் அங்கே பறவை நிற்கிற தூரத்துக்குப் புதியவர்களின் லென்ஸ் எட்டாது. வெட்டவெளி வேறு, நீங்கள் கிட்டப் போகுமுன்பே கூட்டம் எழும்பிவிடும்.

ஊருக்குள் இருக்கிற குளக்கரைப் பூங்காவில் கதை வேறு. பிள்ளைகளின் கூச்சல், கச்சான் விற்கிறவரின் சத்தம், குளக்கட்டில் ஓடுகிற மோட்டார் சைக்கிள் எல்லாம் பார்த்துப் பழகின கொக்கு அது. பத்து மீற்றர் தள்ளி நின்று தன்பாட்டுக்கு மீன் பிடிக்கும். கைப்பழக்கம் வரும்வரை அங்கேயே எடுங்கள். நான் போவது வவுனியாவில். கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ இருந்தாலும் கீழே இருப்பது பொருந்தும்.

1. கமரா

இதை நீட்டப் போவதில்லை. லென்ஸும் சேர்ந்தே வருகிற, பெரிய சூம் உள்ள ஒரே கமராவாக வேண்டுமென்றால் நிக்கோன் பி950. 83 மடங்கு சூம், ரோ கோப்பும் (பிறகு திருத்த வசதியான, சுருக்காத படக் கோப்பு) எடுக்கும். பழைய பி900 மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் அதில் ரோ இல்லை, ஆகவே நான் வாங்கமாட்டேன். என் விருப்பம், பாவித்த டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய கமரா) ஒன்றும் 70-300 மில்லிமீற்றர் லென்ஸும். சூம் கமராக்களின் சென்சர் மிகச் சின்னது, விடியற்காலை வெளிச்சத்தில் படம் பொரிப்பொரியாக வரும். லென்ஸ் வாங்கும்போது நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இல்லாத 75-300 எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

முக்காலி தேவையில்லை. துணிப்பையில் ஒரு கிலோ பயறு போட்டுத் தைத்து, பூங்காச் சுவரிலோ வாங்கிலோ வைத்து, அதன்மேல் லென்ஸை அழுத்துங்கள். (வீட்டில் சொல்லிவிட்டுப் பயறை எடுங்கள்.)

2. எந்தக் கரை, எந்த நேரம்

சூரியன் உங்கள் முதுகில் இருக்கவேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். காற்றும் முதுகில் இருக்கவேண்டும் என்பதைச் சொல்கிறவர்கள் குறைவு. பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று உங்கள் முகத்தில் அடித்தால் எழும்புகிற கொக்கின் வாலைத்தான் எடுப்பீர்கள்.

வன்னியில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். அப்போது காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயிலும் காற்றும் சேர்ந்து முதுகில். சோளகக் காலத்தில் காற்று தென்மேற்கு, அப்போது மாலையில் மேற்குக் கரை. உங்கள் பூங்கா ஒரு கரையில்தானே இருக்கும். அது எந்தப் பக்கம் என்று பார்த்து, எந்தப் பருவத்தில் காலை, எந்தப் பருவத்தில் மாலை என்று முடிவெடுங்கள்.

சோளகத்தில் தண்ணீர் அலைந்துகொண்டே இருக்கும், பறவையின் பிம்பம் தண்ணீரில் தெளிவாக விழாது. அது வேண்டுமென்றால் விடியப்புறத்தில் காற்று எழும்புமுன் போகவேண்டும். மற்றபடி நீர் வற்றுகிற ஆவணி, புரட்டாதியில் பறவைகள் மிஞ்சின தண்ணீரைச் சுற்றி நெருங்கி நிற்கும். குளம் நிரம்பி வான் பாய்கிற நாட்களில் அவை வயலெங்கும் பரந்துவிடும், பூங்காவில் அவ்வளவாக ஒன்றும் இராது.

3. கமரா அமைப்பு

பறவை நகர நகரப் பின்தொடரும் தொடர் குவியம் (கனொனில் ஏஐ சேர்வோ, நிக்கோனில் ஏஎஃப்-சி), நடுவில் ஒற்றைக் குவியப் புள்ளி, தொடர்ந்து சுடும் முறை. ஷட்டர் வேகம் நிற்கிற பறவைக்கு 1/500 செக்கன் போதும், நடப்பதற்கு 1/1000, பறப்பதற்கு 1/2000. குவியப் புள்ளியைப் பறவையின் கண்ணில் வையுங்கள்.

4. வெள்ளைக் கொக்கு எரிகிறது

என்னை நீண்ட நாள் அலைக்கழித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

கொக்குப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இறகு இறகாகத் தெரியாமல், வெள்ளைத் தாளைக் கத்தரித்து ஒட்டினதுபோல் இருக்கிறதா? அது குவியத்தின் பிழை அல்ல. கமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கத்தான் பார்க்கும். படத்தில் முக்கால்வாசி கரும்பச்சைத் தண்ணீர். அதைச் சாம்பலாக்க வெளிச்சத்தைக் கூட்டும், கொக்கு எரிந்துபோகும். அப்படி எரிந்த இடத்தில் ஒரு தகவலும் மிஞ்சாது, எந்தச் செயலியாலும் மீட்க முடியாது.

முதல் மருந்து: ஒளி ஈடு செய்யும் பொத்தானை (கூட்டல் கழித்தல் குறி போட்டது) அழுத்தி, கழித்தல் பக்கம் 1 வரை (ஒரு படி, அதாவது வெளிச்சம் பாதியாகும்) கொண்டுபோங்கள். மெனுவில் எரிந்த இடம் மினுங்குகிற எச்சரிக்கையைப் போட்டுவையுங்கள். ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கொக்கின் முதுகு மினுங்கினால் இன்னும் மூன்றில் ஒரு படி குறையுங்கள். மினுக்கம் நிற்கும் வரை இதுதான் வேலை. திரையில் படம் இருண்டு தெரியும், பயப்படாதீர்கள். இருட்டைப் பிறகு கூட்டலாம்.

இதோடு முடியவில்லை. கொக்கு இரண்டு எட்டு நடந்து, வானம் மின்னுகிற தண்ணீருக்கு முன்னால் போய் நிற்கும். கமரா உடனே கணக்கை மாற்றும், கொக்கு சாம்பலாகிவிடும். யோசித்துப் பாருங்கள்: கொக்கின் மேல் விழுகிற வெயில் மாறவே இல்லை, பின்னால் இருப்பதுதான் மாறினது. ஆகவே வெயில் நிலையாக இருக்கும்போது எம் முறைக்கு (எல்லாவற்றையும் நாமே கையால் போடுகிற முறை) போய், வெயிலுக்கு ஏற்ற கணக்கை ஒருதரம் போட்டுப் பூட்டிவிடுவதுதான் சரி. சூரியன் உதித்து ஒரு மணித்தியாலம் கழித்து, தெளிந்த வானத்தில், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, எஃப் (லென்ஸின் துளை) 8, ஷட்டர் 1/1600 இல் தொடங்கி, மினுக்கத்தைப் பார்த்துத் திருத்துங்கள். வெயில் ஏற ஏற 1/3200 பக்கம் போகவேண்டி வரும். முகில் மறைத்தால் மறுபடி அளக்கவேண்டும்.

நீர்க்காகத்துக்கு இதே கணக்கு இருட்டு. அதற்கு ஒரு படி வெளிச்சம் கூட்டுங்கள். கொக்கும் நீர்க்காகமும் ஒரே மரத்தில் இருந்தால் நான் எப்போதும் கொக்கின் பக்கம்தான்.

5. கீழே இறங்குங்கள்

கட்டில் நின்று குனிந்து எடுத்த படத்தில் பறவையின் முதுகும் பாசியும்தான் வரும். படிக்கட்டின் அடியில் இருந்து, லென்ஸைத் தண்ணீர் மட்டத்துக்குப் பதித்து எடுத்தால் பின்னணி தூரத்துக்குப் போய் மென்மையாகிவிடும். ஆனால் வன்னிக் குளம் என்றால் முதலையும் உண்டு. புல் மூடின கரையில் படுக்கவேண்டாம், தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம். மீன் பிடிக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், எந்த மூலையில் கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

பறவையை நோக்கி நேராக நடக்கக்கூடாது. சரிவாக, வேறெங்கோ போகிறவர்போல் நடந்து, இடையில் இருந்துவிடுங்கள். பிறகு பறவை அதுவாகவே கிட்ட வரும்.

6. எதில் தொடங்குவது

பாம்புத்தாராவில். முக்குளித்து எழும்பினதும் பட்டமரத்தில் ஏறிச் சிறகை விரித்துக் காயவிடும், நனைந்த இறகோடு உடனே எங்கும் போகாது. அப்புறம் சின்னக் கொக்கு. அது ஆழமில்லாத இடத்தில் ஒரு காலை முன்னால் நீட்டி நடுக்கும், மஞ்சள் விரல்கள் சேற்றைக் கலக்கும், ஒளிந்திருந்த மீன் துள்ளும், கழுத்து பாயும். கால் நடுங்கத் தொடங்கினதுமே சுடத் தொடங்குங்கள், கழுத்தைப் பார்த்தபிறகு விரலை அழுத்தினால் காலம் கடந்துவிடும்.

தாமரை இலையில் நடக்கிற நீளவால் இலைக்கோழி எல்லோருக்கும் ஆசை. அதில் அடைகாப்பதும் குஞ்சு பார்ப்பதும் ஆண்தான். முட்டை இருக்கிற நேரம் கிட்டப் போகாதீர்கள், இடத்தை முகநூலில் போடாதீர்கள். பறக்கிற படத்துக்காகக் கல் எறிகிறவர்களோடு நான் படமெடுக்கப் போவதில்லை.

பின்சேர்க்கை

கருத்துகளில் வந்த சிக்கல்கள் மூன்று. "எம் முறையில் போட்டும் எரிகிறது" என்றவர்கள் ஐஎஸ்ஓ தானியங்கியில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் கமரா பின்கதவால் வந்து மறுபடி கணக்கை மாற்றும். ஐஎஸ்ஓவுக்கும் எண் கொடுங்கள்.

"ஒன்பது மணிக்குப் பிறகு எல்லாம் மங்கல், லென்ஸ் பழுதா?" என்று கேட்டவருக்கு: பழுதில்லை, கானல். தண்ணீருக்கு மேலே சூடான காற்று அலைகிறது. சூம் கூடக் கூட அது மோசமாகும். கிட்ட இருக்கிற பறவையை எடுங்கள், அல்லது வீட்டுக்குப் போங்கள்.

ட்ரோன் பற்றிக் கேட்டவருக்கு: சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைப் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள். அனுமதி இருந்தாலும் பறவைக் கூட்டத்துக்கு மேலே வேண்டாம். இராணுவ முகாம் பக்கம் கமராவைத் திருப்பவும் வேண்டாம். பூங்காவை விட்டுக் காட்டுக்குளங்களுக்குப் போகிறவர்கள் கண்ணிவெடி எச்சரிக்கையான மண்டையோட்டுப் பலகை நிற்கிற பக்கம் காலே வைக்காதீர்கள்.

படம் அனுப்பிக் கேட்கிறவர்கள் வட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் அது சுருக்கிவிடும், இறகு எரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கோப்பாக இணைத்து அனுப்புங்கள், எந்தக் கமரா என்றும் எழுதுங்கள்.