சுங்குடிச் சேலையின் அரக்கு நிறத்தை போஸ்டருக்கு எடுப்பது எப்படி?

மதுரை வில்லாபுரத்தில் என் சித்தி வீட்டிலேயே வைத்துச் சுங்குடிச் சேலை விற்கிறார். புதுச் சரக்கு வந்தால் வாட்ஸ்அப்பில் போட ஒரு போஸ்டர் செய்து கொடுப்பது என் வேலை. முதல் போஸ்டரில், சேலையின் நிறத்தையே பின்னணிக்கு எடுத்துப் போட்டேன். அதைப் பார்த்த சித்தி, "ஏன்டா, நம்ம சேலை அரக்கு. நீ பீட்ரூட்டை அரைச்சு ஊத்தி வச்சிருக்க?" என்றார்.

இத்தனைக்கும் குத்துமதிப்பாகப் போட்ட நிறம் இல்லை. படத்தின் மேலேயே கிளிக் செய்து எடுத்தது. கிளிக் செய்ய இரண்டு நொடி போதும். எந்தப் படத்தில், எந்த இடத்தில் கிளிக் செய்வது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. நான் ஜிம்ப் மென்பொருளில் செய்வதைச் சொல்கிறேன். அது இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும்.

படி 1: படம் எடுப்பது

முதல் படத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்திருந்தேன். சித்தி வீட்டுச் சுவர் ரோஸ் நிறம். அந்த ரோஸும் சேலையில் ஏறிவிட்டது. இப்போதெல்லாம் காலையில் மொட்டை மாடிக்குப் போய், நேர் வெயில் படாத நிழலில் கட்டிலைப் போட்டு, சேலையைச் சுருக்கமில்லாமல் விரித்து எடுக்கிறேன். ஃபில்டர், பியூட்டி எதுவும் வேண்டாம்.

சேலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் வையுங்கள். எதற்கு என்று அடுத்த படியில் வருகிறேன்.

படத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோக கேபிள் நல்லது. வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவேன் என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ஜேபெக் படங்களில் வெளிச்சத்தைவிட நிறத்தைத்தான் அதிகம் சுருக்குவார்கள். அதனால் இரண்டு நிறம் சந்திக்கும் ஓரத்தில் ஒன்று மற்றொன்றில் கசியும்.

படி 2: தாளைச் சோதிப்பது

ஜிம்ப்பில் படத்தைத் திறந்து, ஆங்கில ஓ எழுத்தை அழுத்துங்கள். கலர் பிக்கர் வரும். பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லர் மாதிரி ஒரு குறி. ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு வெள்ளைத் தாளில் கிளிக் செய்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் தெரியும். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் படம் சரி. சிவப்பு ஏறி நீலம் இறங்கியிருந்தால் படம் மஞ்சளடித்திருக்கிறது.

அப்படியானால் கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் திறங்கள். அங்கே மூன்று ஃபில்லர்கள் இருக்கும். சாம்பல் நிறத்துக்கு உரிய நடு ஃபில்லரை எடுத்துத் தாளின் மேல் ஒரு கிளிக். சாயம் இறங்கிவிடும். தாள் வெளிச்சத்தில் வெளுத்துப்போய் மூன்று எண்ணும் 255 காட்டினால் இந்த வித்தை பலிக்காது. வேறு படம் எடுங்கள்.

படி 3: நிறத்தை எடுப்பது

திரையில் சேலையைப் பல மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே அரக்கு என்று நினைத்த இடத்தில் கறுப்பு, பழுப்பு, சிவப்பு என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்தை மட்டும் தொட்டால் எது கைக்கு வருகிறதோ அதுதான் உங்கள் நிறம். அதனால் கலர் பிக்கரின் அமைப்பில் சாம்பிள் ஆவரேஜ் என்பதை டிக் செய்து, ரேடியஸை 5 அல்லது 10 வையுங்கள். சுற்றியுள்ள கட்டங்களின் சராசரி கிடைக்கும். ஃபோட்டோஷாப்பில் இதற்கு சாம்பிள் சைஸ் என்று பெயர். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் டி (D) விசையை அழுத்திவிட்டு, மவுஸை இழுத்து வட்டம் போட்டால் போதும்.

எங்கே தொடக்கூடாது என்பதும் முக்கியம். மடிப்பின் நிழல், வெளிச்சம் பளிச்சென்று அடிக்கும் இடம், அப்புறம் சுங்குடிப் புள்ளியின் ஓரம். துணியை நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவதால் முடிச்சுக்குள் சாயம் போகாமல் புள்ளி விழுகிறது. அதன் ஓரம் இயல்பிலேயே மங்கலாகத்தான் இருக்கும். புள்ளிகளுக்கு நடுவில் உள்ள வெற்று இடத்தில் மூன்று நான்கு முறை தொட்டுப் பாருங்கள். எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

மயில்கழுத்து நிறத்தில் இந்தச் சராசரி காலை வாரிவிடும். பாவு (நெடுக்கு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம் என்று நெய்வதால்தான் அது ஆடும்போது நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரிகிறது. சராசரி எடுத்தால் துணியிலேயே இல்லாத அழுக்குப் பச்சை ஒன்று வந்து நிற்கும். அதற்கு நீலம் ஒன்று, பச்சை ஒன்று எனத் தனித்தனியாக எடுத்துப் பக்கம் பக்கமாகப் போடுவதுதான் வழி.

படி 4: எண்ணைக் குறித்துக்கொள்வது

கருவிப்பெட்டியில் இருக்கும் முன்னணி நிறக் கட்டத்தைச் சொடுக்கினால் எச்டிஎம்எல் நோட்டேஷன் என்ற இடத்தில் ஆறு இலக்கக் குறியீடு இருக்கும். மாடியில் எடுத்த படத்தில் எனக்குக் கிடைத்த அரக்கு #781822. முதல் இரண்டு இலக்கம் சிவப்பு, அடுத்து பச்சை, கடைசி நீலம். இது பதினாறின் அடிப்படையிலான எண். அதனால் 78 என்றால் எழுபத்தெட்டு இல்லை, 7×16+8, அதாவது 120. ஒன்பதுக்கு மேல் எண்ண ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகளும் வரும், பயப்பட வேண்டாம். டியூப்லைட் படத்தில் இதே சேலை #592735. சிவப்பு இறங்கி நீலம் ஏறியிருக்கிறது. பீட்ரூட் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா?

இந்தக் குறியீட்டை, போஸ்டர் செய்ய உதவும் கேன்வா தளத்தில் நிறக் கட்டத்தில் ஒட்டினாலும் அதே நிறம் வரும். அடிக்கடி தேவை என்றால் ஜிம்ப்பின் பேலட்ஸ் (நிறத் தொகுப்பு) பெட்டியில் புதிய பேலட் ஒன்று தொடங்கி, கலர் பிக்கரில் ஆட் டு பேலட் என்பதைத் தேர்ந்தெடுத்துக் கிளிக் செய்துகொண்டே போகலாம். பெயர் வைக்கும்போது சிவப்பு 1, சிவப்பு 2 என்று வைக்காதீர்கள். அரக்கு, மிளகாய்ப்பழம், வெங்காயத்தோல், கத்தரிப்பூ என்று கடைக்காரர்கள் சொல்கிற பெயரையே வையுங்கள். ஆறு மாதம் கழித்தும் புரியும்.

படி 5: அச்சுக்குப் போவதாக இருந்தால்

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சகம் நான்கு மையால் காட்டுகிறது. அரக்கு பெரும்பாலும் தப்பித்துவிடும். கிளிப்பச்சையும் ராணி கலரும் கட்டாயம் மங்கும். இதைத் தெரியாமல் விசிட்டிங் கார்டுக்குக் கிளிப்பச்சை கொடுத்து, 500 கார்டு வாழையிலைச் சருகு நிறத்தில் வந்தது. தப்பு என்னுடையது, மாதிரி கேட்கவில்லை. இப்போது ஒரே ஒரு தாள் முதலில் அடித்து வாங்கி, மாடிக்குக் கொண்டுபோய் சேலையின் மேல் வைத்து சித்தியிடம் காட்டுகிறேன். அவர் தலையாட்டினால்தான் மீதி அச்சாகும்.