ஓட்டை தெரியாத கேமரா

சேலத்து வெயிலில் 50 மீட்டர் ரைஃபிள் பழகுகிறேன். ஒவ்வொரு குண்டுக்கும் டெலஸ்கோப்பில் கண்ணைச் சுருக்கிச் சலித்துப்போய், இலக்குக்குப் பக்கவாட்டில் ஒரு வைஃபை கேமரா வைத்தேன். குண்டு வரும் பக்கம், செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய சாக்கில் மண் மூட்டை. படம் வந்தது, ஓட்டைதான் தெரியவில்லை. கறுப்பு வட்டத்தில் 5.6 மில்லிமீட்டர் ஓட்டை, பின்னாலும் இருட்டு! நடுவிலுள்ள 10 புள்ளி வட்டமே 10.4 மில்லிமீட்டர்தானே.

ஜூமை நோண்டியே இரண்டு ஞாயிறு வீண். கடைசியில் தாளுக்குப் பின்னால் நாலு விரல் இடைவெளி விட்டு வெள்ளை அட்டை மாட்டினேன். மேலிருந்து வெயில் அட்டையில் விழ, ஒவ்வொரு ஓட்டையும் அரிசி மணி மாதிரி வெளுத்துத் தெரிந்தது. (அட்டையும் சல்லடையாகும், அவ்வப்போது மாற்றணும்.)

நடுநடுவே படம் உறைந்தும் போனது; காரணம் தரையில் கிடந்த ரூட்டர். இடுப்பு உயரத்துக்கு ஏற்றினேன், சரியானது. இப்போது பக்கத்து அண்ணன் என் செல்போனை எட்டிப் பார்த்து, "இடப்பக்கம் சாயுது தம்பி" என்கிறார்.