தோட்டப் பயிர் ஆராய்ச்சி: எதை முதலில் எடுப்பது?

கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் "என்ன பிரச்சினை?" என்று கேட்டால் விலை, பசளை, பூச்சி, தண்ணீர் எல்லாம் ஒன்றாய் வந்து விழும். அதை அப்படியே எழுதி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிப் பயனில்லை. முதலில் பிரியுங்கள். கத்தரியில் துளைப்பான் விழுந்த குருத்தை வெட்டி அழிக்க வேண்டும் என்பது தெரிந்த விடை. அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவது விவசாயப் போதனாசிரியரின் வேலை. அறுவடை நேரத்தில் வெங்காய விலை விழுவது சந்தை விவகாரம். விடை இல்லாதது மட்டுமே ஆராய்ச்சிக்கு.

வலிகாமத்துச் செம்மண்ணையும் தென்மராட்சி மணலையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். களை பிடுங்கும் பெண்களைத் தனியாக இருத்திக் கேளுங்கள். தோட்டக்காரர் முன்னால் அவர்கள் வாய் திறப்பது அரிது.

ஆளுக்குப் 10 புளியங்கொட்டை கொடுத்துப் பிரச்சினைத் தாள்களில் வைக்கச் சொல்லுங்கள். முன்னுக்கு வரும் ஐந்துக்கும் பயிர்ப் பரப்பு, இழப்பு, மூன்று போகத்துக்குள் விடை கிடைக்கும் வாய்ப்பு என மூன்றிலும் 1 முதல் 5 வரை புள்ளி. கூட்டாதீர்கள், பெருக்குங்கள். 5, 4, 1 என்பதும் 3, 3, 4 என்பதும் கூட்டினால் பத்துத்தான். பெருக்கினால் 20, 36. தீராத பிரச்சினை தானாகக் கீழிறங்கும்.

நிலத்தடி நீருக்கு மட்டும் வாக்கெடுப்பு வேண்டாம், பட்டியலில் ஓர் இடத்தை ஒதுக்கிவிடுங்கள். பசளையிலிருந்து நீரில் கலக்கும், கண்ணுக்குத் தெரியாத நைத்திரேற்றுக்கு யாரும் கொட்டை வைப்பதில்லை. அடியில் சுண்ணக்கல், இட்ட யூரியா கெதியாய்க் கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்; போத்தல் பால் குடிக்கும் குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம்.

பிறகு அதைக் கேள்வியாக்குங்கள்: "சிபாரிசு செய்த யூரியாவைக் கூடுதல் தடவைகளாகப் பிரித்து இட்டால், வெங்காய விளைச்சல் குறையாமல் நைத்திரேற்று கீழே கழுவப்படுவது குறையுமா?" கிணற்று நீரை அளந்து இதற்கு விடை காண முடியாது, அதில் அயல் தோட்டங்களின் பசளையும் கலந்திருக்கும். அறுவடை முடிந்ததும் 30, 60 சென்ரிமீற்றர் ஆழ மண்ணை எடுங்கள்.

ஒரு பரப்பை, அதாவது சுமார் 250 சதுர மீற்றரை, ஆறு துண்டாக்கி இரண்டிரண்டாய்ச் சோடி சேருங்கள். சோடிக்குள் எதற்கு எந்த முறை என்பதை நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள். விதை வெங்காயம் ஒரே குவியலிலிருந்து வரட்டும். ஓர வரிசைகளை நிறுக்காதீர்கள். பரிசோதனை பெரும்பாலும் கெடுவது இரக்கத்தால்: ஒரு துண்டு வெளிறினால் தோட்டக்காரர் சொல்லாமல் ஒரு பிடி யூரியா வீசிவிடுவார். ஆகவே அந்தத் துண்டுகளில் விளைச்சல் குறைந்தால் ஈடு எவ்வளவு, யார் கொடுப்பது என்பதை நடுகைக்கு முன்னரே எழுதிக் கையெழுத்திடுங்கள்.