நாயின் வால் தொங்கிப்போச்சா? அடி, நடு, நுனி பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் முறை

வால் முதுகெலும்பின் தொடர்ச்சி. ஏறக்குறைய 20 சின்ன எலும்புகள், அவற்றை ஆட்டும் தசைகள், அடியிலிருந்து நுனிவரை ஓடும் நரம்புகள், இவ்வளவுதான் வால். மூத்திரத்தையும் மலத்தையும் அடக்கும் நரம்புகளும் அதே அடிப்பகுதிக்குப் பக்கத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அதனால் வால் தொங்கினால் முதலில் கவனிக்க வேண்டியது, நாய் ஒழுங்காக மூத்திரம் போகிறதா என்பதுதான். படுத்த இடத்தில் சொட்டினாலோ, மலம் தானாக விழுந்தாலோ, பின்னங்கால்கள் தள்ளாடினாலோ கீழே உள்ள எதையும் செய்து பார்க்க வேண்டாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

படி 1: தொடாமல் பாருங்கள்

பயந்த நாய் வாலைக் கால்களுக்கிடையே சுருட்டி வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். அது தசை இறுக்கிப் பிடித்த வால். நோய்ப்பட்ட வால் ஈரத் துணிபோலத் தொங்கும், நடக்கும்போது கயிறாட்டம் தானாக அசையும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, நாய்க்குப் பிடித்தவர் வெளியிலிருந்து வந்து கூப்பிடுவது. பயம் என்றால் சற்று நேரத்தில் வால் ஆடும். நோய் என்றால் இடுப்பு மட்டும் ஆடும், வால் ஆடாது.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்கள் சும்மா நிற்கும்போதே வாலைத் தாழ்த்தித்தான் வைத்திருக்கும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். உங்கள் நாயின் வழக்கத்திலிருந்து மாறியிருக்கிறதா என்பதே கணக்கு.

அப்படியே கைப்பேசியில் இருபது விநாடி வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மேசையில் எல்லா நாயும் வாலைச் சுருட்டிக்கொள்ளும், அங்கே வித்தியாசம் தெரியாது.

படி 2: வாயைக் கட்டுங்கள்

வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். ஒன்றரை மீட்டர் காஸ் துணியை மூக்கின்மேல் சுற்றி ஒரு முடிச்சு, தாடைக்குக் கீழே இன்னொன்று, காதுக்குப் பின்னால் கொண்டுபோய் உருவு முடிச்சு. மூச்சிரைக்கிற, வாந்தி எடுக்கிற, பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்க்கு இப்படிக் கட்டக் கூடாது. தெரு நாய் என்றால், அதிலும் எச்சில் வடித்துக்கொண்டு நடத்தை மாறியிருந்தால், கிட்டப் போகவே வேண்டாம். கடி பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராகத் தடுப்பூசிக்குப் போங்கள்.

படி 3: அடி, நடு, நுனி

முதுகிலிருந்து தொடங்கி, இரண்டு விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே நுனிவரை வாருங்கள். வாலைத் தூக்கிப் பார்க்கவோ இழுக்கவோ கூடாது. நாய் எங்கே திரும்பிப் பார்க்கிறதோ, அங்கேதான் கோளாறு.

*அடியில் வலி, காயம் எதுவும் இல்லை:* பெரும்பாலும் தசைப்பிடிப்பு. ஆங்கிலத்தில் லிம்பர் டெயில் என்பார்கள், நீச்சல் வால் என்ற பெயரும் உண்டு. முந்தின நாள் நன்றாக இருந்த வால், மறுநாள் காலையில் தொங்கும். சில நாய்களில் அடியிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் நேராக நீட்டி, அதற்கப்புறம் செங்குத்தாக விழுந்திருக்கும். அடி மயிர் சிலிர்த்து நிற்பதும் உண்டு. உட்காரவும், முக்கிப் போகவும் தயங்கும். லாப்ரடார், பாயிண்டர், பீகிள் வகைகளில் அதிகம். கிணற்றிலோ கண்மாயிலோ நெடுநேரம் நீந்தியது, மார்கழிக் காலையில் குளிர்ந்த தண்ணீரில் குளித்தது, பல வாரம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் ஓட்டமாய் ஓடியது, சின்னக் கூண்டில் பல மணி நேரம் பயணம் செய்தது என்று கேட்டுப் பார்த்தால் ஒன்று அகப்படும். எடின்பரோ பல்கலைக்கழகம் 2016இல் லாப்ரடார்களை வைத்து வெளியிட்ட ஆய்விலும் நீச்சலுக்கும் இதற்கும் தொடர்பு தெரிந்தது. வேலை செய்யும் நாய்களுக்கும் குளிரான வட பகுதி நாய்களுக்கும் அது கூடுதலாக வந்திருந்தது.

*அடியில் அரிப்பு, மயிர் உதிர்வு:* தெள்ளுப்பூச்சி ஒவ்வாமைக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படாமல் இருக்கலாம். சீப்பில் வந்த கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாக ஊறினால் அது தெள்ளின் கழிவு.

*அடியின் கீழ், ஆசனவாய் ஓரம்:* பின்புறத்தைத் தரையில் இழுத்துத் தேய்க்கிறது, மீன் நாற்றம் அடிக்கிறது என்றால் அங்கிருக்கும் இரண்டு சுரப்பிகள் அடைத்திருக்கின்றன. ஒரு பக்கம் சிவந்து வீங்கினால் சீழ் கட்டிவிட்டது. வீட்டில் பிதுக்க வேண்டாம், உள்ளேயே உடைந்துவிடும்.

*நடுவில் கோணல், வீக்கம்:* கதவிடுக்கில் மாட்டியது, வண்டி ஏறியது, யாராவது பிடித்து இழுத்தது. எலும்பு முறிவாக இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

*நுனியில் வெடிப்பு, ரத்தம்:* மயிர் குறைந்த, நீண்ட, மெல்லிய வாலால் சுவரில் அடித்து அடித்து வருவது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கிரேட் டேன் நாய்களில் அதிகம். சுவரில் நாயின் வால் உயரத்துக்கு வரிசையாக ரத்தப் புள்ளிகள் தெறித்திருக்கும். சந்தோஷத்தில் ஆட்டும் வாலுக்கு வரும் காயம் என்பதால் ஆறுவதும் கஷ்டம். நுனி கறுத்துச் சில்லென்று இருந்தால் மயிருக்குள் ரப்பர் பேண்டு, நூல் ஏதாவது இறுக்கியிருக்கிறதா என்று தேடுங்கள். எடுத்த கையோடு மருத்துவரிடம் போங்கள்.

படி 4: தசைப்பிடிப்புக்கு வீட்டு வைத்தியம்

ஓய்வுதான் மருந்து. ஒரு வாரம் ஓட்டம், குதி, மாடிப்படி, நீச்சல் எதுவும் வேண்டாம். மூத்திரம் போகக் கயிற்றில் பிடித்து நடத்தினால் போதும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். சுடாமல் இதமாக இருந்தால் வால் அடியில் 10 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று வேளை வையுங்கள். படுக்கை மெத்தென்று, ஈரமில்லாமல் இருக்கட்டும். இரண்டு மூன்று நாளில் வால் கொஞ்சம் ஏறத் தொடங்கும். முழுசாக நிமிர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். நாலாம் நாளும் துளி மாற்றம் இல்லையென்றால், அல்லது காய்ச்சல் அடித்தால் (நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு), மருத்துவரிடம் காட்டுங்கள். முதுகெலும்புத் தட்டு விலகலும் ஆரம்பத்தில் இதே மாதிரிதான் தெரியும்.

வீட்டில் இருக்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், பாராசிட்டமால் எதையும் கொடுக்காதீர்கள். முதல் இரண்டும் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூன்றாவது அளவு தப்பினால் ஈரலைத் தாக்கும். நாய்க்கென்று வலி மருந்து உண்டு, எடை பார்த்து மருத்துவர் எழுதித் தருவார்.

படி 5: நுனிக் காயத்துக்குக் கட்டு

1. சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுநடுவே திறந்து பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்துவிடும்.
2. கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு கரைத்துக் கழுவுங்கள். பிறகு பொவிடோன் அயோடினை, பால் விடாத லேசான தேநீர் நிறத்துக்கு வரும்வரை தண்ணீர் விட்டுக் கலந்து ஒற்றுங்கள்.
3. ஒட்டாத காஸ் பட்டை, மேலே தளர்வாகக் கட்டுத்துணி. பிளாஸ்டரைக் காயத்தைத் தாண்டி மயிர்மேல் ஒட்டினால்தான் நிற்கும்.
4. வெறும் கட்டு அரை நாள்கூடத் தாங்காது. ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் ஸ்பாஞ்சு உறையை நுனியைவிட இரண்டு அங்குலம் நீளமாக வெட்டி, காற்றுத் துளை போட்டு மாட்டுங்கள். கழுத்தில் கூம்பும் போட்டாக வேண்டும், இல்லையென்றால் கடித்தே கழற்றிவிடும்.

தினமும் பிரித்துப் பாருங்கள். நாற்றம், வீக்கம், சில்லிப்பு இருந்தால் கட்டு இறுகிவிட்டது. புழு நெளிந்தால் மண்ணெண்ணெய், பெட்ரோல், பினாயில் எதையும் ஊற்ற வேண்டாம். நாய் நக்கினால் அதுவே விஷம், சதையும் வெந்துபோகும். புழுவை இடுக்கியால் எடுத்து உள்மருந்து கொடுப்பது மருத்துவர் வேலை. எத்தனை கட்டினாலும் அதே இடம் மறுபடி மறுபடி வெடித்தால், நுனியில் சில அங்குலத்தை அறுவை செய்து எடுக்கச் சொல்வார். மனசுக்கு ஒப்பாதுதான், ஆனால் மாதக்கணக்கில் ஆறாத காயத்தோடு விடுவதைவிட அது நாய்க்கு நல்லது. மிச்ச வாலை வைத்து முன்பு போலவே ஆட்டிக்கொண்டு திரியும்.