சுங்கை தெங்கா விலங்குக் காப்பகங்களுக்கு நிதி திரட்டுவது, தொண்டு செய்வது எப்படி?

சிங்கப்பூரில் நாய், பூனைகளுக்காக மனம் இளகும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கொடுக்க மனமும் இருக்கிறது, கையில் கொஞ்சம் காசும் இருக்கிறது. யாரிடம் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்ற இடத்தில்தான் பலர் நின்றுபோகிறார்கள். சுவா சூ காங் வட்டாரத்தில் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து, சுங்கை தெங்காவில் உள்ள ஒரு நாய்க் காப்பகத்துக்கு நிதி திரட்டி, வார இறுதிகளில் தொண்டும் செய்துவருகிறோம். அதில் கற்றுக்கொண்டதை முதன்முறையாக இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன். வாட்ஸ்அப் குழு தொடங்குவது, சுவரொட்டி தயாரிப்பது போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: காப்பகத்தின் தகுதியைப் பாருங்கள்

இந்தத் தீவின் பல விலங்குக் காப்பகங்கள் இப்போது சுங்கை தெங்கா பகுதியில்தான் இருக்கின்றன. விலங்கு வதைத் தடுப்புச் சங்கமும் அங்கேதான். சற்றுத் தள்ளி ‘தி அனிமல் லாட்ஜ்’ வளாகத்தில் பல அமைப்புகளும் தனியார் நடத்தும் காப்பகங்களும் அடுத்தடுத்து இயங்குகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். சட்டப்படி அவை ஒன்றல்ல.

சில காப்பகங்கள் பதிவுபெற்ற அறநிறுவனங்கள். அவற்றிலும் சிலவற்றுக்கே ஐபிசி (Institution of a Public Character) எனப்படும் பொதுநல அமைப்புத் தகுதி உண்டு. அவற்றுக்குக் கொடுக்கும் பணத்துக்குத்தான் வரிக்கழிவு கிடைக்கும். வேறு சில, ஒருவரோ இருவரோ தங்கள் சேமிப்பைப் போட்டு நடத்துபவை. அன்பில் எதுவும் குறைந்தது இல்லை. ஆனால் பணம் போகும் பாதை மாறும். அறநிறுவனங்களுக்கான அரசாங்க இணையவாசலில் பெயரைத் தட்டினால் பதிவு நிலை, ஐபிசி தகுதி எதுவரை செல்லும் என்பது எல்லாம் தெரிந்துவிடும்.

என் கருத்து இதுதான்: முதல் முறை ஐபிசி தகுதி உள்ள காப்பகத்துக்கே திரட்டுங்கள். தனியார் காப்பகங்களுக்கு உழைப்பாலும் பொருளாலும் உதவுங்கள்.

படி 2: என்ன தேவை என்று கேளுங்கள்

காப்பகம் என்றதும் எல்லோரும் நாய்த்தீனி மூட்டையோடு வந்து நிற்கிறோம். உண்மையில் அவர்களை அழுத்துவது வாடகையும் மருத்துவச் செலவும். இங்கே ஆண்டு முழுவதும் கொசு இருப்பதால், கொசுவால் பரவும் இதயப்புழு நோய் தெருவில் வளர்ந்த நாய்களிடம் சாதாரணம். உண்ணிக் காய்ச்சலும் அப்படியே. இரண்டுக்கும் நீண்ட சிகிச்சை தேவை. வயதான நாய்களுக்கு மாதாமாதம் மருந்து வேண்டும். பெரிய நாய்கள் தத்துப் போவதும் கடினம், ஏனென்றால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அனுமதிக்கப்பட்ட சிறிய நாய் ஒன்றைத்தான் வளர்க்கலாம். ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ எனப்படும் உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கு 2012இல் தொடங்கிய ‘புராஜெக்ட் அடோர்’ திட்டம் அந்த வீடுகளுக்குள் வழி திறந்தது. ஆனாலும் உயர வரம்பைத் தாண்டியவை காப்பகத்திலேயே கிழமாகின்றன.

ஆகவே மின்னஞ்சலில் கேளுங்கள்: “இந்த மூன்று மாதங்களில் உங்களுக்கு எது மிக அவசரம்? அதற்காகத் திரட்ட எங்களுக்கு ஒப்புதல் தருவீர்களா?” பதிலை எழுத்தில் வாங்குங்கள். ‘விலங்குகளுக்கு உதவுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் மக்கள் நகர்ந்துவிடுவார்கள். ‘இந்த இரண்டு நாய்களின் இதயப்புழு சிகிச்சைக்கு’ என்றால் நின்று கேட்பார்கள்.

படி 3: பணம் உங்கள் கையில் படக் கூடாது

நான் அதிக நேரம் சிக்கி நின்றது இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

நம்மவர்களின் முதல் யோசனை, “என் பேநவ் (கைப்பேசிவழிப் பணப்பரிமாற்றம்) எண்ணுக்கு அனுப்புங்கள், சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்” என்பது. நல்ல எண்ணம்தான். ஆனால் உங்கள் கணக்கிலிருந்து காப்பகத்துக்குப் போகும் தொகை உங்கள் பெயரில்தான் பதிவாகும். வரிக்கழிவும் உங்களுக்கே வரும். கொடுத்த இருபது பேருக்கும் ஒன்றும் வராது. நாளைக்கு யாராவது கணக்குக் கேட்டால், எது உங்கள் பணம், எது ஊர்ப்பணம் என்று பிரித்துக் காட்டுவதும் கடினம்.

கொடுப்பவர்களின் அடையாள அட்டை எண்ணை வாங்கி நானே பதிவுசெய்கிறேன் என்று கிளம்பவும் வேண்டாம். சட்டப்படி தேவையானால் ஒழிய அடையாள அட்டை எண்ணை நிறுவனங்கள் சேகரிக்கக் கூடாது என்ற நெறிமுறை 2019 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. நிறுவனங்களுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், நாற்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அந்த எண்களை உலவவிடுவது எந்த வகையிலும் சரியில்லை.

சரியான வழி எளிது. ‘கிவிங் டாட் எஸ்ஜி’ (Giving.sg) என்ற நன்கொடைத் தளத்தில் ஐபிசி தகுதி உள்ள காப்பகத்தைத் தேடுங்கள். தனிநபரும் அங்கே ஒரு நிதி திரட்டும் பக்கம் தொடங்கலாம். அதன் இணைப்பைப் பகிருங்கள். கொடுப்பவர் தன் விவரத்தைத் தானே பதிவுசெய்வார். பணம் காப்பகத்துக்குப் போகும். கழிவு விவரம் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குத் தானாகவே சென்றுவிடும். வேறு தளங்களும் உண்டு. ஆனால் வரிக்கழிவு வேண்டுபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

அடுத்த நல்ல வழி, காப்பகத்தின் சொந்த பேநவ் கியூஆர் குறியீடு. அதில் நிறுவனத்தின் பதிவு எண்ணான யுஇஎன் இருக்கும். வருடிய பிறகு திரையில் வரும் பெயர் காப்பகத்தின் பெயர்தானா என்று பார்த்துவிட்டே பணம் அனுப்பச் சொல்லுங்கள். குறிப்புப் பகுதியில் எழுத உங்கள் குழுவுக்கென ஒரு சொல்லைக் காப்பகத்திடம் முன்பே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். எங்கள் குழு வழியாக எவ்வளவு வந்தது என்று அவர்கள் எளிதாகக் கூட்டிச் சொன்னதற்கு அதுவே காரணம்.

வரிக்கழிவை விளக்கும்போது கவனம் தேவை. இப்போது கழிவு, கொடுத்த தொகையில் 250 விழுக்காடு. 100 வெள்ளி கொடுத்தால் வரியில் 250 வெள்ளி குறையும் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். குறைவது வரிக்கு உட்படும் வருமானம். ஒருவரின் வருமானத்தின் மேல்பகுதிக்கு 11.5 விழுக்காடு வரி என்றால், 100 வெள்ளி நன்கொடைக்கு அவருக்கு மிச்சமாவது 28 வெள்ளி 75 காசு. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இணையம் பழகாத பெரியவர்கள் நோட்டை நீட்டுவார்கள். எங்கள் புளோக்கில் ஒரு பாட்டி 50 வெள்ளியை மடித்துக் கையில் திணித்துவிட்டு, “நீயே போட்டுவிடு அம்மா” என்றார். அதை வாங்கவில்லை. வேலைக்குப் போய்வந்த அவருடைய பேத்தியை அருகில் உட்காரவைத்து, பாட்டி கண்ணெதிரே அவர் பெயரிலேயே அனுப்பச் செய்தோம். பத்து நிமிடம் ஆனது. அடுத்த வாரம் தன் தோழிகளையும் அவரே அழைத்துவந்தார்.

உண்டியல் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவதோ, தேக்கா சந்தை வாசலில் நின்று வசூலிப்பதோ வேறு கதை. அதற்குக் காவல்துறையின் உரிமம் வேண்டும். நல்ல காரியம் என்பதால் விதிவிலக்கு கிடையாது. பெரிய அமைப்பு உரிமம் பெற்று நடத்தும் நாளில் அவர்களுடைய அடையாள வில்லையோடு சேர்ந்து நில்லுங்கள்.

படி 4: ஒரு சின்ன நிகழ்வு

முறுக்கு, அதிரசம் விற்று நிதி சேர்க்கலாமா? சேர்க்கலாம். வீட்டிலேயே செய்து, முன்கூட்டி ஆணை வாங்கி, சிறிய அளவில் விற்பதற்கு வீவக வீடுகளில் இடமுண்டு. அதற்கான நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு விற்க நினைத்தால் நகர மன்றத்தையும் சிங்கப்பூர் உணவு அமைப்பையும் முதலில் கேட்க வேண்டும். அதிர்ஷ்டக் குலுக்கு வேண்டாம். அது சூதாட்ட விதிகளுக்குள் போய் நிற்கும்.

முறுக்கு வாங்கியவர் கொடுத்தது விலை, நன்கொடை அல்ல. அந்தத் தொகைக்கு வரிக்கழிவு கேட்க முடியாது. அதனால் முறுக்குக் கணக்கைத் தனியே வையுங்கள்; நன்கொடை கொடுக்க விரும்புபவரைக் கியூஆர் குறியீட்டுக்கு அனுப்புங்கள். செலவு போக வந்த லாபத்தை ரசீதுகளோடு காப்பகத்திடம் ஒப்படையுங்கள். நிதி திரட்டும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அறநிறுவனங்களுக்கான விதி. சிறு குழுக்களுக்கும் அது நல்ல அளவுகோல்.

காலம் எது? தீபாவளியைவிட மாட்டுப் பொங்கல் என்பேன். தீபாவளி நேரத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். மாட்டுப் பொங்கல், விலங்குகளுக்கு நன்றி சொல்லவே நம்மிடம் உள்ள நாள். லிட்டில் இந்தியாவில் மாடுகளைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளிடம் காப்பகத்து நாயின் கதையைச் சொன்னால், அவர்களே பெற்றோரை இழுத்துவருவார்கள்.

படி 5: தொண்டுக்குப் போகும் முன்

முதல் நாளே நாயைக் கொஞ்சிக்கொண்டு இருக்கலாம் என்று போகாதீர்கள். கழுவும் வேலைதான் முதலில் வரும்: கூண்டு, கிண்ணம், துணி. அந்த வேலை நடந்தால்தான் மற்றது நடக்கும். மாதம் ஒரு முறை தவறாமல் வரும் ஒருவர், ஒரே நாளில் கும்பலாக வந்து படமெடுத்துப் போகும் முப்பது பேரைவிட அவர்களுக்குப் பெரிய துணை.

மூடிய காலணி கட்டாயம். கால்விரலில் சிறு வெட்டு இருந்தாலும் மறைத்துக் கட்டுங்கள். ஈர மண்ணில் வாழும் கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் நோய் சிங்கப்பூரில் உண்டு. மழைக்காலச் சேற்றில் செருப்போடு நடப்பது ஆபத்து. ஒரே நாளில் இரண்டு காப்பகங்களுக்குப் போகாதீர்கள். நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் காலணி அடியிலேயே பயணம் செய்யும். கையில் தடவும் ஆல்கஹால் திரவம் அதைக் கொல்லாது. நீர்கலந்த பிளீச் கொல்லும். தடுப்பூசி முடியாத குட்டிகளுக்கு அது உயிர்க்கேடு.

கதவு விதி: ஒரு கதவைத் தாழிட்ட பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். பயந்த நாய் ஒன்று வெளியே ஓடிவிட்டால் அந்தச் சாலைகளில் கண்டுபிடிப்பது மிகக் கடினம். நடைக்கு அழைத்துச் செல்லும்போது கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாமல் மார்புப்பட்டையும் கேட்டு வாங்குங்கள். மிரண்ட நாய் பின்னால் இழுத்துக் கழுத்துப்பட்டையை எளிதாகக் கழற்றிவிடும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

கல்யாண வீட்டில் மிஞ்சிய பிரியாணியைக் கொண்டுபோக வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டுக்கும் நஞ்சு. வெந்த கோழி எலும்பு பிளந்து குடலைக் குத்தும். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொண்டுபோக வேண்டியவை பழைய துண்டு, படுக்கை விரிப்பு, செய்தித்தாள். எங்கள் வீட்டுப் பழைய தமிழ் முரசு இதழ்கள் எல்லாம் பூனைக் கூண்டுகளுக்கே போகின்றன.

தமிழ் தெரிந்த தொண்டூழியர்களால் மட்டும் எளிதாகச் செய்யக்கூடிய ஒரு வேலையும் உண்டு. துவாஸ், ஜூரோங் பக்கத்துக் கட்டுமானத் தளங்களில் வளரும் நாய்களுக்குச் சோறு போடுபவர்கள் பல இடங்களில் நம் ஊர்த் தொழிலாளர்கள். தளம் மூடப்படும்போது நாய்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. எந்த நாய் குட்டி போட்டிருக்கிறது, எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அந்தத் தம்பிகளுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் மரியாதையாகப் பேசிக் கேட்டுச் சொன்னால், கருத்தடைக் குழுவின் வேலை பாதி முடிந்துவிடும்.

பின்சேர்க்கை 1

“புக்கெட் தீவில் உள்ள காப்பகத்துக்கு இங்கே திரட்டலாமா? இராமேஸ்வரத்துத் தெருநாய்களுக்கு?” என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் திரட்ட, அறநிறுவனங்களுக்கான ஆணையரின் அனுமதி வேண்டும். திரட்டிய நிகரத் தொகையில் குறைந்தது 80 விழுக்காட்டைச் சிங்கப்பூருக்குள் செலவிட வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. தனிப்பட்ட வட்டத்துக்குள் திரட்டுவது போன்றவற்றுக்குத் தளர்வு தரப்படலாம். அதையும் அனுமதி கேட்கும்போதே கேட்க வேண்டும். நீங்கள் மட்டும் தனியாக உங்கள் பணத்தை அனுப்புவதில் இந்தச் சிக்கல் இல்லை.

பின்சேர்க்கை 2

நாயைத் தொட இயலாத இஸ்லாமிய நண்பர்கள் என்ன செய்யலாம் என்று ஒரு சகோதரி கேட்டார். பூனைக் காப்பகங்களுக்கு ஆள் எப்போதும் தேவை. புளோக்குகளின் கீழ் இருக்கும் பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் குழுக்களும் இருக்கின்றன. இடது காதின் நுனி வெட்டப்பட்டிருந்தால் அந்தப் பூனைக்கு ஏற்கெனவே கருத்தடை முடிந்தது என்று அறியலாம். 2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் இரண்டு பூனைகள் வரை உரிமத்தோடு வளர்க்கலாம். அந்த விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாத முதியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பதும் தொண்டுதான். எங்கள் குழுவில் அதைச் செய்ய இப்போதைக்கு ஆள் போதவில்லை. சுவா சூ காங், யூ டீ பக்கம் இருப்பவர்கள் கீழே எழுதுங்கள்.