கப்பல் விருந்துக்குக் கோட்டு தேடி அலைபவர்களுக்கு

திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, பிள்ளைகள் மூவரும் காசு சேர்த்து அப்பா அம்மாவைச் சிங்கப்பூரில் இருந்து கிளம்பும் நான்கு நாள் கப்பல் பயணத்துக்கு அனுப்ப முடிவு செய்தோம். துணைக்கு நான் போனேன். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் பணம் வாங்கும்போதே சொல்லிவிட்டார்: "ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோட்டு சூட்டு கட்டாயம் சார். இல்லாட்டி உள்ள விட மாட்டாங்க."

அதை அப்படியே நம்பினோம். மதுரை மேலமாசி வீதியில் ஒரு கடையில் அப்பாவுக்கு அளவு கொடுத்தோம். தன் கல்யாணத்துக்கே கோட்டுப் போடாதவர் அவர். போட்டுப் பார்த்துவிட்டுக் கையை மடக்க முடியாமல் நின்றார். "இத மாட்டிக்கிட்டு எப்பிடிடா சோத்தப் பெசஞ்சு சாப்புடுறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கப்பலேறிய பிறகு அறைக்கு வந்த அன்றாட நிகழ்ச்சித் தாளில் ராத்திரி உடை பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: ஸ்மார்ட் கேஷுவல். காலர் வைத்த சட்டை, முழுக்கால் பேன்ட் போதும் என்று அர்த்தம். கோட்டு கடைசிவரை பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. பணம் போனதைவிட, கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வாரமும் அந்தக் கோட்டை நினைத்து அப்பா பட்ட சங்கடம்தான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இப்போது நம் ஊர்ப் பக்கம் கப்பல் பயண ஆசை பெருகியிருக்கிறது. 2022இல் சென்னைத் துறைமுகத்தில் இருந்தே கோர்டீலியா நிறுவனத்தின் சுற்றுலாக் கப்பல் கிளம்பத் தொடங்கியது. மதுரையில் இருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால் அங்கே போய் ஏறுவதும் எளிது. கூடவே உடை பற்றிய தப்பான பேச்சுகளும் பரவுகின்றன. நாங்கள் செய்த தவறுகளையும், கப்பலில் நம் ஆட்கள் செய்யக் கண்ட தவறுகளையும் எழுதுகிறேன்.

முதல் தவறு, என்றோ யாரோ போய் வந்த கதையை இன்றைய விதியாக எடுத்துக்கொள்வது. ஒரு காலத்தில் பெரிய கப்பல்களில் ராத்திரிச் சாப்பாடு என்றால் ஆண்கள் கறுப்புக் கோட்டும் கழுத்தில் 'போ' டையும், பெண்கள் தரை தொடும் நீள உடையும் அணிவது வழக்கம். அந்த வழக்கத்தை முதலில் பெரிதாகத் தளர்த்தியது நார்வீஜியன் என்ற கப்பல் நிறுவனம். எந்த நேரத்தில் எங்கே சாப்பிடுவது, என்ன உடுத்துவது என்பதைப் பயணிகளிடமே விட்டு, 2000ஆம் ஆண்டில் 'ஃப்ரீஸ்டைல்' என்ற முறையைக் கொண்டுவந்தது. 2015 கடைசியில் செலிபிரிட்டி நிறுவனம், இப்படி அலங்கரித்துக்கொண்டு வர வேண்டிய ராத்திரிக்கு இருந்த ஃபார்மல் நைட் என்ற பெயரையே எடுத்துவிட்டு 'ஈவினிங் ஷிக்' என்று வைத்தது. கோட்டு அங்கே விருப்பம்தான், கட்டாயமில்லை. வெர்ஜின் கப்பல்களில் ஃபார்மல் நைட் என்பதே கிடையாது.

மாற்றத்துக்குக் காரணங்கள் உண்டு. மூன்று நான்கு நாள் பயணங்கள் பெருகின. குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் வரத் தொடங்கின. விமானத்தில் பெட்டியின் எடைக்குக் கட்டுப்பாடு இருக்கும்போது ஒரு ராத்திரிக்காகக் கோட்டையும் கனத்த ஷூவையும் யார் சுமப்பார்கள்?

ஆனால் "எல்லாம் தளர்ந்துபோச்சு" என்று முடிவு கட்டுவதும் தவறுதான். குனார்டு நிறுவனத்தின் குயின் மேரி 2 போன்ற கப்பல்களில் 'காலா ஈவினிங்' என்று சில ராத்திரிகள் இன்றும் இருக்கின்றன. அன்றைக்குக் கறுப்புக் கோட்டு அல்லது அடர்நிற சூட் எதிர்பார்ப்பார்கள். மற்ற ராத்திரிகளிலும் மாலை ஆறு மணிக்கு மேல் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பாங்காக உடுத்தித்தான் போக வேண்டும். ஆக, விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், வருஷத்துக்கு வருஷம் மாறும். டிக்கெட் போட்ட அன்றைக்கும், பெட்டி கட்டும் வாரத்திலும் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நீங்களே படித்துவிடுங்கள். ஏஜென்ட் சொன்னார், சித்தப்பா சொன்னார் என்று துணி எடுக்காதீர்கள்.

இன்னொன்று, பயணம் முழுக்க ஒரே விதி என்று நினைப்பது. சித்திரைத் திருவிழாவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சுலபமாகப் புரிய வேண்டும். அழகர் மலையில் இருந்து கிளம்பும்போது கள்ளர் கோலம். வைகையில் இறங்கும்போது தங்கக் குதிரையில் பட்டு. தேனூர் மண்டபத்தில் கருட வாகனம். ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம். ஒரே பயணம்தான், இடத்துக்கு ஏற்றபடி கோலம் மாறுகிறது. கப்பலிலும் ராத்திரிக்கு ராத்திரி மாறும். ஏறிய அன்று பெரும்பாலும் சாதாரண உடை போதும். பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும் என்பதால் அன்றைக்கு யாரையும் நெருக்குவதில்லை. அலங்கார ராத்திரி வைப்பார்களானால், கரை தொடாமல் கடலிலேயே ஓடும் நாளாகப் பார்த்து வைப்பதுதான் வழக்கம். ஊர் சுற்றிக் களைத்து வந்தவர்களை மறுபடி அலங்கரித்துக்கொள்ளச் சொல்ல முடியாதே.

அந்த ராத்திரிக்கு உடை இல்லை என்றால் பட்டினி கிடக்க வேண்டியதும் இல்லை. உடைக் கட்டுப்பாடு முக்கியமாகப் பெரிய சாப்பாட்டுக் கூடத்துக்குத்தான். பஃபே கூடத்தில் பெரும்பாலான கப்பல்களில் சாதாரண உடையோடு சாப்பிடலாம்.

அடுத்து வேட்டி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்கள் கப்பலில் இரண்டாம் நாள் ராத்திரி அப்பா வெள்ளை வேட்டியும் முழுக்கை வெள்ளைச் சட்டையும் தோளில் அங்கவஸ்திரமுமாக வந்து நின்றார். வாசலில் இருந்த பணியாளர் மரியாதையோடு மேசைக்கு அழைத்துப் போனார். அதற்கு முன்பு நான் வரவேற்பு மேசையில் ஒரு வார்த்தை கேட்டுவைத்திருந்தேன். நீங்களும் கேளுங்கள். கறுப்புக் கோட்டுக்குப் பெயர்போன குனார்டுகூட காலா ஈவினிங்கில் அவரவர் நாட்டு விழா உடையை ஏற்றுக்கொள்கிறது. முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொண்டால் வாசலில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

நம் தயக்கத்துக்கும் காரணம் இருக்கிறது. 2014இல் உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டியில் வந்ததற்காகச் சென்னையில் ஒரு கிளப்பில் அவரை உள்ளே விடவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டமன்றம் கிளப்புகளின் அந்தத் தடையை நீக்கிச் சட்டம் இயற்றியது. ஆனால் அது தமிழ்நாட்டுக்குள் செல்லும் சட்டம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பலில் போய் அந்தச் சட்டத்தைச் சொல்லி வாதாடுவது வீண். அங்கே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வழி.

கோட்டுக்கு அளவு கொடுத்த அதே மேலமாசி வீதியில்தான், 1921 செப்டம்பர் 22இல், காந்தி குல்லாயையும் மேல்சட்டையையும் விட்டு அரையாடைக்கு மாறினார். பத்து வருஷம் கழித்து, 1931இல், பம்பாயில் ராஜபுதானா கப்பலேறி லண்டனுக்குப் போனபோதும் அவர் அந்த உடையை மாற்றிக்கொள்ளவில்லை. அரண்மனையில் மன்னரைச் சந்தித்தபோதும் அதேதான். அதற்காகக் கப்பலின் விதியை மீறலாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வீதியில் நடந்து பழகிய என் அப்பா, வேட்டி மட்டமோ என்ற கூச்சத்தோடு பெட்டி கட்டியிருக்க வேண்டாம் என்கிறேன்.

வேட்டி கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டியாகவோ, பெல்ட் போட்டோ கட்டுங்கள். மேல்தளத்தில் காற்று பலமாக அடிக்கும். சாப்பாட்டுக் கூடத்துக்குள் மடித்துக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். பெரியவர்கள் முன்னால் இறக்கிவிட்டுக்கொள்ளும் நம் வழக்கமே அங்கேயும் பொருந்தும். கைலி அறைக்குள் மட்டும்.

அதே கணக்குதான் நைட்டிக்கும். பக்கத்து அறைச் சொந்தக்காரரைப் பார்க்க நைட்டியில் நடைபாதையில் போவதை நம் பெண்கள் தவறாக நினைப்பதில்லை. ஆனால் அப்படியே பஃபேக்குக் காப்பி எடுக்கப் போய் ஒரு அம்மா திருப்பி அனுப்பப்பட்டதைப் பார்த்தேன். பாவம், கலங்கிப்போனார். நீச்சல் உடை, குளியலங்கி, வெறுங்கால் ஆகியவற்றோடும் சாப்பிடும் இடத்துக்குள் விட மாட்டார்கள். வெறுங்கால் விஷயத்தில் நம் கைப்பழக்கமே நம்மைக் கவிழ்த்துவிடும். சாப்பிடும் இடம் என்றதும் வாசலில் செருப்பைக் கழற்றத் தோன்றும். அங்கே காலில் செருப்பு இருந்தாக வேண்டும். அதுவும் ரப்பர்ச் செருப்பாக இல்லாமல், பின்பட்டை வைத்ததாகவோ ஷூவாகவோ இருந்தால் ராத்திரிக்கு நல்லது. அரைக்கால் டவுசர் போட்டு மீனாட்சி கோயிலுக்குள் போக முடியாது என்று தெரிந்த நம் பையன்களுக்கு, சாப்பாட்டுக் கூடத்திலும் ராத்திரி முழுக்கால் பேன்ட் போடச் சொல்வதில் சிரமம் இருக்காது.

பெண்களுக்குப் புடவை இருக்கும்போது கவலையே வேண்டாம். எந்தக் கப்பலின் எந்த அலங்கார ராத்திரிக்கும் பட்டுப்புடவை போதும். சாதாரண ராத்திரிக்குச் சுங்குடி. எடை குறைவு, வெட்கைக்கு இதம். எங்கள் அம்மாவின் அரக்குச் சுங்குடியைப் பக்கத்து மேசை ஆஸ்திரேலியப் பெண்மணி தொட்டுப் பார்த்து, ஒவ்வொரு புள்ளியும் கையால் முடிந்து சாயம் தோய்த்தது என்று கேட்டு அசந்துபோனார். ஆனால் கூடத்தில் ஏசி குளிர் எலும்பைத் தொடும். ஒரு சால்வையை மறக்காதீர்கள். அம்மா மறந்துவிட்டு, முதல் நாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. சில கப்பல்களில் ஒரு ராத்திரி எல்லோரும் வெள்ளை உடுத்த வேண்டும் என்று வைப்பார்கள். அறுபதாம் கல்யாணம் முடித்து, புதுத் தாலியோடு வந்திருக்கும் அம்மாவிடம் போய் வெள்ளைப் புடவை கட்டச் சொல்ல முடியுமா? கறுப்பும் வேண்டாம் என்பார்கள். தெரியாமல் சில வீடுகளில் இதற்காகச் சண்டையே வருகிறது. இப்படிப்பட்ட நிறத் திருவிழாக்கள் விருப்பம் உள்ளவர்களுக்குத்தான். அம்மா மாம்பழ மஞ்சளில் வந்து உட்கார்ந்தார், யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடைசியாகப் பெட்டி விஷயம். கஞ்சி போட்ட வேட்டியும் பருத்திப் புடவையும் கசங்கும் என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்துப் போகாதீர்கள். தீப்பிடிக்கும் அபாயத்தால் அறைக்குள் அதற்கு அனுமதி இல்லை. ஏறும்போதே ஸ்கேனில் கண்டு எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் தருவார்கள். நீராவி இஸ்திரிக்கும் அதே கதிதான். மடிக்காமல் சுருட்டி வைத்தால் கசங்கல் குறையும். இல்லையென்றால் கப்பலில் காசு கொடுத்து இஸ்திரி போட்டு வாங்கலாம். சில கப்பல்களில் பயணிகளே பயன்படுத்தும் துவைப்பறையில் இஸ்திரி மேசை இருக்கும்.

இறங்குவதற்கு முந்தைய ராத்திரி, பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். அவற்றை மறுநாள் கரையில்தான் பார்க்க முடியும். எங்கள் தளத்தில் ஒரு நடுவயதுக்காரர் எல்லாவற்றையும் கட்டி வெளியே வைத்துவிட்டு, காலையில் இடுப்பில் கைலியோடு நின்றார். அப்பாவின் பேன்ட் ஒன்று அவருக்குச் சரியாக இருந்தது. காலைச் சாப்பாட்டுக்கும் கரையில் இறங்குவதற்கும் ஒரு செட் உடையை, செருப்போடு சேர்த்து, கைப்பையில் தனியாக எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள்.